பூச்சிகளின் தோழர் ஃபாபர்

குழந்தைகளே, உங்கள் வீட்டு ஜன்னல் மூலையிலோ சுவரிலோ குளவி மண்கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சில சமயம் பூட்டின் சாவித் துவாரத்தைக்கூட அது விட்டுவைக்காது. கூடு கட்டி முடித்ததும் எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து அடைத்துவிடும். சில வாரம் கழித்து அந்தக் கூட்டை உடைத்துக்கொண்டு புதிய குளவி ஒன்று வெளியே வரும். இதைப் பார்த்த நம் முன்னோர், குளவி கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக மாற்றிவிடுகிறது என்று நம்பினார்கள்.

உண்மையில் உள்ளே என்னதான் நடக்கிறது? இதே மாதிரியான ஒரு கேள்விக்கு விடை தேடி, கொளுத்தும் வெயிலில் மண்மேட்டில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார் ஒரு பள்ளி ஆசிரியர். அவர்தான் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழான் ஹென்றி ஃபாபர். வீட்டுத் தோட்டத்தையே ஆராய்ச்சிக் கூடமாக மாற்றிய அவருடைய கதையை இந்த வாரம் பார்ப்போமா?

ஏழை வீட்டுப் பிள்ளை

1823ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிரான்சின் தெற்குப் பகுதியில் சான் லெயோன் என்ற மலைக் கிராமத்தில் ஃபாபர் பிறந்தார். மிகவும் ஏழைக் குடும்பம். வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம் என்பதால் சின்ன வயதில் தாத்தா, பாட்டியின் பண்ணை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அங்கே ஒருநாள் சிறுவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பளீரென்று அடிக்கும் இந்த வெயிலை நாம் எதால் உணர்கிறோம்? வாயாலா, கண்ணாலா? கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். வெளிச்சம் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்தான். வெளிச்சம் தெரிந்தது! ஓடிப்போய் வீட்டில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள், இல்லையா? ஆனால், யாரோ சொன்னதை நம்பாமல் தானே சோதித்துப் பார்க்கும் பழக்கம் அன்றே அவனிடம் வந்துவிட்டது.

இன்னொரு முறை, இரவில் புதருக்குள் ஏதோ ஒன்று இனிமையாகப் பாடியது. பறவையா, பூச்சியா? கிட்டே போனால் பாட்டு நின்றுவிடும். சிறுவன் விடவில்லை. அடுத்தடுத்த இரவுகளிலும் போய்க் காத்திருந்து பிடித்தே விட்டான். அது ஒரு வெட்டுக்கிளி!

பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒரே ஓர் அறைதான். அந்த ஊர் ஆசிரியரே முடிதிருத்துபவர். தேவாலயத்தில் மணி அடிப்பவரும் அவரே. கதவு திறந்தால் கோழிகளும் பன்றிக்குட்டிகளும் வகுப்புக்குள் வந்துவிடும். அப்பா வாங்கித் தந்த விலங்குப் படத் தாளைப் பார்த்துத்தான் ஃபாபர் எழுத்துகளைக் கற்றுக்கொண்டான்.

வாத்து மேய்க்கப் போனால் குளத்தங்கரையில் கிடக்கும் கல்லும் நத்தையும் வண்டும் அவனுடைய சட்டைப் பைக்குள் சேர்ந்துவிடும். பை கிழிந்து வீட்டுக்கு வந்தால் திட்டு கிடைக்கும்!

அப்பா ஊர் ஊராகப் போய்ச் சிறு கடைகள் நடத்திப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது. ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். ரயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். ஆனாலும் புத்தகத்தை விடவில்லை. அவிஞோன் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் உதவித்தொகைக்கு நடந்த போட்டித் தேர்வை எழுதினார். வெற்றியும் பெற்றார்!

ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரு புத்தகம்

1842ஆம் ஆண்டு, இன்னும் 19 வயதுகூட நிரம்பாத ஃபாபர் கார்பாந்த்ரா என்ற ஊரில் ஆசிரியரானார். ஆண்டுச் சம்பளம் 700 பிராங்க். சொற்பத் தொகைதான்.

ஒருநாள் நில அளவை கற்றுக்கொடுக்க மாணவர்களை வெளியே அழைத்துப் போனார். அளவுக் கம்பை நட அனுப்பிய பையன்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். கூழாங்கற்களின் மேல் மண்ணால் கட்டப்பட்ட தேனீக் கூடுகளில் வைக்கோல் குழாயை விட்டுத் தேனை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்! ஃபாபரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அந்தத் தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை பிறந்தது. புத்தகக் கடையில் பூச்சிகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. அதன் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம். அந்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று யோசித்தாலும், வாங்கிவிட்டார்! அவர் வாழ்க்கையின் பாதையை மாற்றியது அந்தப் புத்தகம்தான்.

திருமணம் ஆனது. குழந்தைகள் பிறந்தன. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே இரவில் தானாகப் படித்துக் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் வாங்கினார். 1849இல் கார்சிகா தீவுக்கு ஆசிரியராகப் போனார். மலேரியா வாட்டியதால் 1853இல் மீண்டும் அவிஞோன் நகருக்கே வந்து சேர்ந்தார்.

சாகாத இரை

இப்போது குளவிக் கதைக்கு வருவோம். லியோன் துஃபூர் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மண்ணில் வளை தோண்டும் ஒரு வகைக் குளவி, பொன்வண்டுகளைப் பிடித்து வந்து வளைக்குள் சேர்த்து வைக்கிறது. நம் ஊரில் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்ப்பீர்களே, அந்தப் பொன்வண்டின் உறவினங்கள்தான். பல நாள் ஆனாலும் அவை அழுகவில்லை, காயவில்லை. குளவி வண்டைக் கொன்று, கெடாமல் இருக்க ஏதோ மருந்தை ஏற்றுகிறது என்று அந்த மருத்துவர் நினைத்தார்.

ஃபாபருக்குச் சந்தேகம் வந்தது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு குளவியைத் தேடிப் பிடித்தார். அது கூன்வண்டுகளை வேட்டையாடுவது. வளையிலிருந்து எடுத்த வண்டின் உடலில் லேசாக மின்சாரம் செலுத்திப் பார்த்தார். கால் அசைந்தது! அப்படியானால் வண்டு செத்துப் போகவில்லை. அசைய முடியாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

குளவி எப்படி இதைச் செய்கிறது? அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே! இரையோடு வந்த குளவியிடமிருந்து அந்த வண்டைத் தந்திரமாக எடுத்துவிட்டு, உயிருள்ள வேறொரு வண்டை அங்கே வைத்தார். குளவி அதைப் பிடித்துக் கால்களுக்கு நடுவே, மார்பின் அடிப்பக்க இணைப்பில் கொட்டியது. கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டு அடங்கிவிட்டது. கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன!

எதற்காக இவ்வளவு வேலை? குளவி அந்த இரையின் மேல் முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குட்டிக்குக் கெட்டுப் போகாத உணவு வேண்டும். செத்த வண்டு அழுகிவிடும். துள்ளும் வண்டு குட்டியை நசுக்கிவிடும். ஆகவே உயிரோடும் இருக்க வேண்டும், அசையவும் கூடாது.

உங்கள் வீட்டு மண்கூட்டின் ரகசியமும் இதுதான். புழு குளவியாக மாறுவதில்லை. குளவியின் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1856இல் பிரான்சின் அறிவியல் கழகம் ஃபாபருக்குப் பரிசளித்தது. பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினும் தன் நூலில் அவரைப் பாராட்டினார். அந்தக் கொள்கையை ஃபாபர் ஏற்கவில்லை. ஆனாலும் இருவரும் மரியாதையோடு கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

வேலையும் போனது, வீடும் போனது

பரிசு கிடைத்ததே தவிர வறுமை போகவில்லை. துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரிலிருந்து நல்ல சாயம் எடுக்கும் முறையைப் பல ஆண்டு உழைத்துக் கண்டுபிடித்தார். அதில் வரும் பணத்தில் ஒரு தோட்டம் வாங்கலாம் என்று கனவு கண்டார். அந்த நேரம் பார்த்து, ஜெர்மனியில் அதே சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கனவு கலைந்தது.

மாலை நேரத்தில் பொதுமக்களுக்கு இலவச அறிவியல் வகுப்பு நடத்தினார். பெண்பிள்ளைகளும் வந்தார்கள். பூவில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் பாடம்தான்! ஆனால் பெண்களுக்கு இதைச் சொல்லலாமா என்று ஊரில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மனைவியும் 5 குழந்தைகளுமாக அவர் எங்கே போவார்? ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞர் 3000 பிராங்க் கடன் கொடுத்து உதவினார். குடும்பம் ஒராஞ்ச் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆசிரியர் வேலையையும் ஃபாபர் விட்டுவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய அறிவியல் புத்தகங்களை எழுதிக் குவித்தார். அந்த வருமானத்தில் கடனைத் திருப்பிக் கொடுத்தார்.

1877இல் பெரிய துயரம் ஒன்று வந்தது. அவருடைய மகன் ஜூல் 16 வயதில் இறந்துபோனான். பூச்சி தேடுவதில் அப்பாவுக்கு இணையான ஆர்வம் கொண்ட பிள்ளை அவன். ஃபாபர் உடைந்துபோனார். ஆனாலும் எழுதினார். பூச்சியியல் நினைவுகள் என்ற நூலின் முதல் பாகம் 1879இல் வெளிவந்தது.

முள்ளும் கல்லும் நிறைந்த சொர்க்கம்

அதே 1879இல்தான் அவருடைய 40 ஆண்டுக் கனவு நிறைவேறியது. செரிஞான் என்ற கிராமத்தில், வீட்டோடு சேர்ந்த சுமார் 1 ஹெக்டேர் நிலத்தை வாங்கினார். அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். பயிர் விளையாத கல்லாங்காடு. முட்செடிகள் மண்டிக் கிடந்தன. அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட தரிசு நிலத்தை ஆர்மாஸ் என்பார்கள். அதையே வீட்டின் பெயராக வைத்துக்கொண்டார்.

வேறு யாராவது என்றால் முள்ளைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். ஃபாபருக்கோ அந்த முட்பூக்களைத் தேடி வரும் தேனீயும் குளவியும்தான் செல்வம்! சுற்றுச்சுவர் கட்ட வந்த கொத்தனார்கள் குவித்து வைத்த மணலில் குளவிகள் வளை தோண்டின. கற்குவியலின் இடுக்குகளில் தேனீக்கள் குடியேறின. ஃபாபருக்கு ஒரே மகிழ்ச்சி.

அவரிடம் பெரிய கருவிகள் எதுவும் கிடையாது. ஒரு பூதக்கண்ணாடி, சில கண்ணாடிக் குடுவைகள், கம்பி வலையால் செய்த மூடிகள், ஒரு சின்ன மேசை. அப்போது பூச்சி ஆராய்ச்சி என்றால் பூச்சியைக் கொன்று, ஊசியில் குத்தி, பெட்டியில் வரிசையாக வைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். ஃபாபர் உயிருள்ள பூச்சியைப் பார்த்தார். அது எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி வீடு கட்டுகிறது, அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பார்த்ததைக் கதை போலச் சுவையாக எழுதினார்.

தோட்டத்து வேட்டைக்காரர்கள்

கும்பிடு பூச்சியை உங்களுக்குத் தெரியும். முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு சாமி கும்பிடுவது போல நிற்கும். ஃபாபர் வாழ்ந்த ஊரிலும் அதற்குக் கடவுளை வணங்குவது என்று பொருள்படும் பெயர்தான்! ஆனால் அந்தக் கைகள் கும்பிடுவதற்கு அல்ல. வெட்டுக்கிளி பக்கத்தில் வந்தால் போதும், முள் நிறைந்த அந்தக் கால்கள் கத்தரி போல மூடிக்கொள்ளும்.

கும்பிடு பூச்சிகளைக் கூண்டில் வைத்து வளர்த்தார் ஃபாபர். அவற்றுக்குத் தினமும் உயிருள்ள தீனி வேண்டுமே? தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். வெட்டுக்கிளி பிடித்துத் தந்தால் ரொட்டியும் முலாம்பழத் துண்டும் சம்பளம்!

அவ்வளவு பெரிய வேட்டைக்காரனும் பிறக்கும்போது பாவம்தான். முட்டைக் கூட்டிலிருந்து குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வரும் நேரம், எறும்புகள் வரிசைகட்டி வந்து தூக்கிப் போவதை ஃபாபர் பார்த்தார். தப்பிய குஞ்சுகளைப் பல்லியினத்தைச் சேர்ந்த ஓணான் போன்ற ஒரு பிராணி நாக்கால் ஒவ்வொன்றாகச் சுருட்டியது. ஒன்றுக்கு ஒன்று உணவு. இதில் நல்லவர், கெட்டவர் யாரும் இல்லை.

தங்கப் பச்சை நிறத்தில் மின்னும் ஒரு தரைவண்டு அங்கே உண்டு. அதில் 25 வண்டுகளை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். பைன் மரத்தை மொட்டையடிக்கும் கம்பளிப் புழுக்களை உள்ளே விட்டார். வண்டுகள் பாய்ந்து புழுக்களைக் கிழித்துத் தின்றன. தோட்டக்காரருக்கு இதைவிட நல்ல காவல்காரர் யார்?

அந்தக் கம்பளிப் புழுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாகப் போகும். 1896 ஜனவரியில் ஒருநாள் அவை ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் ஏறின. ஃபாபர் மெதுவாக வரிசையை வட்டமாக்கிவிட்டார். முன்னால் போகிறதைப் பின்பற்றியே 7 நாள் அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தன! ஃபாபரும் பக்கத்திலேயே இருந்து குறிப்பெடுத்தார்.

இவ்வளவு கவனமானவரும் தவறியது உண்டு. கிராமத் திருவிழாவில் வெடிக்கும் வெடிக்குழாய்களைக் கொண்டு வந்து, மரத்தில் பாடிக்கொண்டிருந்த சிள்வண்டுகளின் அடியில் வெடித்தார். அவை பாட்டை நிறுத்தவே இல்லை. அதனால் சிள்வண்டுக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டினார். சிள்வண்டுக்குக் காது உண்டு, தன் இனத்தின் ஓசை அதற்கு நன்றாகவே கேட்கும் என்று பிறகு வந்த விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இரவு விருந்தாளிகள்

முதல் மனைவி 1885இல் இறந்த பிறகு ஃபாபர் மறுமணம் செய்துகொண்டார். 1888இல் பால் என்ற மகன் பிறந்தான்.

பால் சிறுவனாக இருந்தபோது ஒரு மே மாதக் காலையில், பெரிய மயில் எனப்படும் அந்துப்பூச்சி ஒன்று கூட்டை விட்டு வெளியே வந்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய அந்துப்பூச்சி அது. பெண் பூச்சி. ஃபாபர் அதை வலை மூடியின் கீழ் வைத்தார். அன்று இரவு படுக்கப் போன பால் அறைக்குள் குதித்துக் கத்தினான். பறவை அளவு பூச்சிகள் அறை முழுவதும் பறந்தன! வீட்டுக்குள் வந்தவை 40 இருக்கும். எல்லாம் ஆண் பூச்சிகள். ஒரே ஒரு பெண் பூச்சியைத் தேடி இருட்டில் எங்கிருந்தோ வந்திருந்தன.

எப்படித் தெரிந்தது அவற்றுக்கு? ஃபாபர் பல ஆண்டு சோதனை செய்தார். வேறொரு வகை அந்துப்பூச்சியை எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடி மூடியால் மூடி வைத்தார். வந்த ஆண் பூச்சிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தைய இரவு அது உட்கார்ந்திருந்த வெறும் கூண்டைப் போய் மொய்த்தன! அப்படியானால் அவற்றை இழுத்தது கண் அல்ல, ஒரு வகை வாசனை. அந்த வாசனைப் பொருளை விஞ்ஞானிகள் முதன்முதலில் பிரித்தெடுத்தது 1959இல், பட்டுப்பூச்சியிடமிருந்து.

மகனின் கேமரா

அன்று குதித்த பால் வளர்ந்து இளைஞனானான். கேமராவைக் கையில் எடுத்தான். அப்பா எழுத்தில் காட்டிய பூச்சிகளை அவன் படம் பிடித்தான். ஃபாபரின் நூல்கள் பிறகு படங்களோடு பதிப்பிக்கப்பட்டபோது, பால் எடுத்த புகைப்படங்கள்தான் அவற்றை அலங்கரித்தன.

இன்று போல அன்று சட்சட்டென்று நூறு படம் எடுக்க முடியாது. முக்காலியில் நிறுத்திய கேமரா. உள்ளே ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு. ஒரு தகட்டில் ஒரு படம்தான். பூச்சி கொஞ்சம் அசைந்தால் படம் கலங்கிவிடும், தகடும் வீண். பூச்சி எங்கே வரும், எப்போது அசையாமல் இருக்கும், எந்தக் கணத்தில் இரையைப் பிடிக்கும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் நல்ல படம் கிடைக்கும். அதைத் தெரிந்துகொள்ள அப்பாவின் 40 ஆண்டுப் பொறுமை வீட்டிலேயே இருந்ததே!

ஃபாபரும் கையால் படம் வரைந்தவர்தான். காளான்கள் சீக்கிரம் அழுகிவிடும் என்பதால், அவற்றின் வடிவமும் நிறமும் மாறாமல் 600க்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்களை வரைந்து வைத்தார்.

பூச்சியியல் நினைவுகள் நூலின் 10ஆம் பாகம் 1907இல் வந்தது. அப்போது அவருக்கு 83 வயது. புகழ் தாமதமாகத்தான் தேடி வந்தது. நோபல் இலக்கியப் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள், பரிசு கிடைக்கவில்லை. 1913இல் பிரான்ஸ் குடியரசுத் தலைவர் புவன்காரே அந்தக் கிராமத்துக்கே வந்து அவரைப் பார்த்தார். 1915 அக்டோபர் 11 அன்று, 91 வயதில், தன் தோட்டத்து வீட்டிலேயே ஃபாபர் காலமானார். 1922இல் அரசு அந்த வீட்டையும் தோட்டத்தையும் வாங்கிப் பாதுகாத்தது.

நீங்களும் செய்யலாம்!

உங்களுக்கு இரண்டரை ஏக்கர் தேவையில்லை. ஒரு கறிவேப்பிலைச் செடியோ செம்பருத்தித் தொட்டியோ போதும். பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் மொபைல் போனை வாங்கிக்கொள்ளுங்கள். காலை நேரமே நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் பூச்சிகள் மெதுவாகத்தான் அசையும்.

செடியின் அருகில் உட்கார்ந்து முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பூவுக்குள் அசையாமல் ஒரு நண்டுச் சிலந்தி ஒளிந்திருக்கலாம். பிறகு, உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாதபடி மெதுவாக நெருங்கிப் படம் எடுங்கள். கையை எதன்மேலாவது ஊன்றிக்கொண்டால் படம் ஆடாது.

குளவிக் கூட்டின் அருகே போக வேண்டாம், தூரத்திலிருந்தே பாருங்கள். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். புதருக்குள் கைவிட வேண்டாம். படத்துக்காக எந்தப் பூச்சியையும் பிடித்து அடைக்கவும் வேண்டாம்.

எடுத்த படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் தேதி, நேரம், செடியின் பெயர், பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். மறுநாளும் அதே செடியைப் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் விடாமல் செய்தால், உங்கள் வீட்டுச் செடியில் யார் யாருக்கு இரை, யார் யாருக்குக் காவல் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும். நாளைக் காலையே தொடங்கிவிடுங்கள், சரியா?